9.2 சதவீதம்: கேள்விமனுக்களுக்குப் பங்கேற்பு இலக்கு கணிக்கும் மென்பொருளோடு இரண்டு வருடங்கள்

பெறுகை வேலையில் இருப்பவர் ஒரு பொருளைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அது அடுத்த கேள்விமனுவில் (டெண்டரில்) அவரிடமே திரும்பி வரும். ஆகவே இங்கே மதிப்பிடப்படும், ஓர் ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் பெண்கள் போன்ற பிரிவினரின் சிறு தொழில்களுக்குப் போக வேண்டும் என்று கணிக்கும் மென்பொருளின் பெயரையும், அதை எமக்கு விற்ற நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. இந்த வகை மென்பொருள்களில் மூன்றை நான் பரீட்சித்துப் பார்த்தேன். மூன்றும் அமெரிக்க மாநில, நகர அரசுகளின் தேவைக்காக எழுதப்பட்டவை. உள்ளே புகுந்தால் மூன்றின் எலும்புக்கூடும் ஒன்றுதான். ஒன்றைப் பற்றிச் சொல்வது மற்ற இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும்.

மட்டக்களப்பு நகரில் அலுவலகம் வைத்து, வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக் கிராமங்களில் வகுப்பறைக் கட்டடம், உள்வீதி, சிறு குளக்கட்டு, விவசாயக் கிணறு போன்ற வேலைகளைச் செய்விக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் பெறுகைப் பிரிவை நான் பார்க்கிறேன். எமக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்பு ஒரு நிபந்தனை போட்டது: ஒவ்வொரு கட்டுமான ஒப்பந்தத்திலும் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் தொழில்களுக்கும், கிராம மட்டச் சங்கங்களுக்கும் எத்தனை சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துக் கேள்விப் பத்திரத்தில் எழுத வேண்டும். எழுதிய எண்ணுக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அதற்காக இந்த மென்பொருளின் இரண்டு வருட உரிமத்தையும் அவர்களே வாங்கித் தந்தார்கள். அந்த உரிமம் முடியும் தறுவாயில் இருந்து இதை எழுதுகிறேன்.

மென்பொருள் செய்யும் வேலை கேட்பதற்கு எளிதானது. வழங்குநர்களைப் பதிவு செய்து வைக்கிறது, பி.ஓ.கியூ. என்று நாம் சொல்லும் அளவுப் பட்டியலை உள்வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வழங்குநர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து ஓர் இலக்கைக் கணிக்கிறது. ஒப்பந்தம் தொடங்கிய பின், முதன்மை ஒப்பந்தகாரர் அந்தச் சிறு தொழில்களுக்கு உண்மையில் காசு கொடுத்தாரா என்று மாதாமாதம் பின்தொடர்கிறது. இவற்றில் நடுவில் இருக்கும் கணிப்புப் பகுதிக்காகத்தான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது கடைசிப் பகுதி.

முதற் கூட்டத்தில் எமது நிருவாக சபையைச் சேர்ந்த ஒருவர், மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேல் பெண்கள்தானே, இலக்கும் 50 சதவீதமாக இருக்கட்டும் என்றார். அந்த எண்ணை மென்பொருளில் அப்படியே தட்டச்சிட முடியும். ஆனால் ஏற்றுக்கொள்வதற்கு முன், இது எதன் அடிப்படையில் வந்தது என்று கேட்டு ஒரு பெட்டி திறக்கும். அதில் சனத்தொகை என்ற தெரிவே கிடையாது. ஏன் கிடையாது என்பதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து ரிச்மண்ட் நகரசபை, தன்னிடம் கட்டுமான வேலை எடுக்கும் முதன்மை ஒப்பந்தகாரர்கள் ஒப்பந்தப் பெறுமதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கு உப ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. நகரில் பாதிப்பேர் கறுப்பினத்தவர், ஆனால் முதன்மை ஒப்பந்தங்களில் 0.67 சதவீதமே சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது என்பது நகரசபை காட்டிய கணக்கு. 1989 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதது என்றது. சனத்தொகையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள நிறுவனங்கள் எத்தனை, அவற்றுள் சிறுபான்மையினருடையவை எத்தனை என்பதையே ஒப்பிட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 1999 இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்ட விதிகளும் இதே தடத்தில் செல்கின்றன: தயாராகவும் விருப்பத்தோடும் இயலுமையோடும் இருக்கும், பின்தங்கியோர் நடத்தும் தொழில்களின் விகிதத்தை வைத்து முதலில் ஓர் அடிப்படை எண், பிறகு உள்ளூர் நிலைமையைப் பார்த்து அதைக் கூட்டுவது அல்லது குறைப்பது. எம்மை ரிச்மண்ட் வழக்கு கட்டுப்படுத்தாது. ஆனாலும் அன்றைய கூட்டத்தில் அந்த வெறும் பெட்டி ஒரு நல்ல வேலை செய்தது: 50 என்ற எண் கை தட்டலோடு நிறைவேறாமல் போனது.

அதே திரையில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இலக்குப் பெட்டியைத் திறந்தவுடன் 10 என்ற எண் மங்கலாக முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஒப்பந்தங்களில் தேசிய மட்டத்தில் எதிர்பார்க்கப்படும் இலக்கு. அந்த விதிகளே, தேசிய மட்டத்து 10 சதவீதத்தைக் காட்டி எவரும் தம் சொந்த இலக்கை 10 என்று வைக்கக் கூடாது என்றும், இலக்கு என்பது ஒதுக்கீடு அல்ல என்றும் தெளிவாகச் சொல்கின்றன. விதியே வேண்டாம் என்று சொல்வதை மென்பொருள் ஏன் நிரப்பி வைத்துத் தர வேண்டும்? எமது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இரண்டு கிணற்று ஒப்பந்தங்களுக்கு அந்த 10 ஐ அப்படியே விட்டுக் கேள்விப் பத்திரத்தை அச்சுக்கு அனுப்பியிருந்தார்.

கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு வகுப்பறைக் கட்டடத்தை வைத்துக் காட்டுகிறேன். எண்களைப் பின்தொடர வசதியாக உருட்டி எடுத்திருக்கிறேன். வேலையின் பெறுமதி 2 கோடி ரூபாய். எமது பதிவேட்டில் அந்த வேலைக்குப் பொருந்தும் வழங்குநர்கள் 100 பேர், அவர்களுள் இலக்குப் பிரிவைச் சேர்ந்தவர்கள் 15 பேர். தலையெண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இலக்கு 15 சதவீதம், அதாவது 30 இலட்சம். ஆனால் இந்த 15 பேரும் எந்த வேலையில் இருக்கிறார்கள்? நிறப்பூச்சில் 10 பேருக்கு 4 பேர். ஆனால் நிறப்பூச்சு மொத்தச் செலவில் 3 சதவீதந்தான். தச்சு வேலையில் 12 பேருக்கு 3 பேர். அது செலவில் 10 சதவீதம். மண், கிறவல் வேலையில் 20 பேருக்கு 2 பேர். அது 15 சதவீதம். கட்டு வேலையில் 24 பேருக்கு 6 பேர். அது 20 சதவீதம். கொங்கிறீட்டும் கம்பியும் தனியே 35 சதவீதத்தைத் தின்னுகின்றன, அங்கே ஒருவரும் இல்லை. கூரையிலும் மின்வேலையிலும் இல்லை. ஒவ்வொரு வேலையின் செலவுப் பங்கால் அந்தந்த விகிதத்தைப் பெருக்கிக் கூட்டினால் 1.2, 2.5, 1.5, 5 என்று வந்து 10.2 சதவீதத்தில் நிற்கிறது. 30 இலட்சம் 20 இலட்சத்து 40 ஆயிரமாகக் குறைகிறது. வித்தியாசம் சின்னதல்ல. 15 என்று எழுதியிருந்தால் எந்த ஒப்பந்தகாரராலும் நேர்மையாக அதை எட்ட முடியாது. எட்டியதாகக் காட்டுவதற்குத்தான் வழி தேடுவார்கள்.

இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் செய்ய மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும். மென்பொருள் தரும் உதவி, அளவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் ஒரு தொழில் வகைக் குறியீட்டோடு இணைக்கும்படி வற்புறுத்துவது. அங்கேதான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். அது பாவிப்பது அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளும் பொதுவில் வைத்திருக்கும் ஆறு இலக்கத் தொழில் வகைப்படுத்தல். அதில் கட்டு வேலைக்காரருக்கு 238140. சீமெந்துக் கல் உற்பத்திக்கு 327331. எமது பதிவேட்டில் கட்டு வேலையில் இருந்த ஆறு பெண்கள் குழுக்களும் கல் அரிபவர்கள், அதாவது சீமெந்துக் கல்லை அச்சில் அடித்துச் செய்பவர்கள். மேசன் வேலை செய்பவர்கள் அல்லர். ஆனால் நாங்கள் பதிவு செய்தபோது, கல் என்றால் கட்டு வேலைதானே என்று எல்லோரையும் 238140 இன் கீழ் போட்டுவிட்டோம். மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு வழங்குநரின் பெயரிலேயே ‘கல் உற்பத்தி’ என்று இருக்கும்போதாவது எச்சரித்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. பிறகு ஞானம் வந்து கட்டு வேலையின் 20 சதவீதத்தை, கல்லுக்கு 8, கூலிக்கு 12 என்று பிரித்தோம். கல் அரிபவர்கள் 12 பேருள் 6 பேர் எமது குழுக்கள். மேசன்மார் 12 பேருள் ஒருவரும் இல்லை. 5 என்றிருந்தது 4 ஆகி, மொத்தம் 9.2 சதவீதத்துக்கு இறங்கியது. நிதி தரும் அமைப்பு, எண் ஏன் குறைந்தது என்று கேட்டு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியது. குறைந்ததால்தான் அது மெய்யானது என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

கிடுகு பின்னும் குழு ஒன்றுக்கு எந்தக் குறியீட்டையும் எங்களால் பொருத்த முடியவில்லை. இறுதியில் ‘ஏனைய’ என்பதில் போட்டோம்; ‘ஏனைய’ எந்தக் கணக்கிலும் சேராது.

பதிவேடு ஆங்கிலத்தில் மட்டுமே இயங்குவது இங்கே சாதாரணக் குறையல்ல. களுவாஞ்சிக்குடியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், மூன்றும் அரச கடிதங்களில் இருக்கும். ஒரே மாதர் சங்கம் ஒரு தடவை முழுப் பெயரோடும், ஒரு தடவை டபிள்யூ.ஆர்.டி.எஸ். என்ற சுருக்கத்தோடும், இன்னொரு தடவை ஊர்ப் பெயரின் வேறோர் எழுத்துக்கூட்டலோடும் பதிவாகி மூன்று வழங்குநர்களாக நின்றது. தலையெண்ணிக்கையில் ஓடும் ஒரு கணிப்புக்கு இதைவிடப் பெரிய நஞ்சு வேறில்லை. தமிழ்ப் பெயருக்கென்று ஒரு மேலதிகப் பெட்டியை நிறுவனம் எமக்காகத் திறந்து தந்தது. ஆனால் அச்சிட்ட அறிக்கையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி வேறு வேறாய் நின்றன. கடைசியில் சங்கப் பதிவிலக்கத்தையே அடையாளமாக வைத்துப் பதிவேட்டைத் திருத்தினோம். இதை வாங்க நினைப்பவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிட வேண்டும்.

இயலுமை என்ற சொல்லுக்கு மென்பொருளில் இருக்கும் பொருள் மிகவும் மெலிந்தது. உரிமம் உண்டா, இல்லையா என்று மட்டுந்தான் கேட்கிறது. எமது நாட்டில் ஒப்பந்தகாரரின் தகுதியைச் சீடா தரத்தை வைத்துத்தான் பார்க்கிறோம். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையே சீடா; அது இன்னின்ன தரத்துக்கு இவ்வளவு பெறுமதி வரை என்று வகுத்திருக்கிறது. அந்தத் தரத்துக்கும் காலாவதித் திகதிக்கும் இடமில்லாததால் குறிப்புப் பெட்டியில் கையால் எழுதி வைத்தோம். குறிப்புப் பெட்டியைக் கணிப்பு வாசிக்காது.

அதைவிடப் பெரியது காலநிலை. பதிவேட்டில் கிறவல் ஏற்றும் உழவு இயந்திரக்காரர்கள் பன்னிரண்டு மாதமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறார்கள். உண்மையில் ஒக்டோபரில் முதல் மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கினால், வெல்லாவெளிப் பக்கத்திலோ கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலோ ஓர் உழவு இயந்திரத்தையும் வீதி வேலைக்குப் பிடிக்க முடியாது, வயலுக்குள் நிற்கும். அறுவடைக் காலத்திலும் அதே கதை. மாரியில் அரிந்த கல் காய்வதற்கு இரட்டிப்பு நாட்கள் எடுக்கும், வெள்ளம் வந்தால் மணலும் வராது. தயாராக, விருப்பத்தோடு, இயலுமையோடு என்ற மூன்று சொற்களும் மட்டக்களப்பில் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. இரண்டாம் படியில் உள்ளூர் நிலைமைக்காக எண்ணைத் திருத்தலாம் என்று விதிகள் இடங்கொடுப்பதால், நவம்பரில் தொடங்கும் ஒப்பந்தங்களுக்கு மண் வேலையின் பங்கை நாங்கள் கையாலேயே பூச்சியமாக்கினோம். மென்பொருள் அதற்கு விளக்கம் கேட்டது, எழுதினோம், ஏற்றுக்கொண்டது. அந்த விளக்கம் கோப்பில் பதிவாகி நிற்பது கணக்காய்வின்போது உதவியது என்பதையும் மறைக்கக் கூடாது.

இலக்கை எட்டாத கேள்விதாரரை என்ன செய்வது என்பதில் இந்த மென்பொருள் எமது பழைய நடைமுறையைவிட மேலானது. அமெரிக்க விதிகளின்படி, இலக்கை எட்டாவிட்டாலும் அதற்காக மெய்யான முயற்சி செய்ததைக் காட்டினால் அவரை அந்தக் காரணத்துக்காகத் தள்ள முடியாது. யாரிடம் விலை கேட்டார், எந்தத் திகதியில் கேட்டார், என்ன பதில் வந்தது, வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கொடுக்க முன்வந்தாரா என்பவற்றை இணைப்பதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது. ஏறாவூர்ப் பக்கத்து ஒப்பந்தகாரர் ஒருவர், ஏழு குழுக்களுக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்து இணைத்து, 6 சதவீதத்துக்கு மேல் போக முடியாததை ஒழுங்காக நிறுவினார். வேலையும் அவருக்கே கிடைத்தது.

இனிக் கொடுப்பனவுப் பகுதி. ஒப்பந்தகாரர் தான் உப ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகையைப் பதிவார். உடனே அந்த உப ஒப்பந்தகாரருக்கு மின்னஞ்சல் போகும். அவர் இணைப்பை அழுத்தி, கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். மின்னஞ்சலே இல்லாத சங்கங்களுக்கு நாங்கள் பேரப்பிள்ளைகளின் முகவரிகளையும், தொலைபேசி, இணைய வசதி தரும் கடைகளான தொலைத்தொடர்பு நிலையங்களின் முகவரிகளையும் வாங்கிப் போட்டிருந்தோம். அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. ஒரு மாதம், ஒப்பந்தகாரர் ஒருவர் கல் அரியும் குழு ஒன்றுக்கு 3 இலட்சம் ரூபாய் கொடுத்ததாகப் பதிந்திருந்தார். அதே நிமிடத்தில் உறுதிப்படுத்தலும் வந்திருந்தது. நேர முத்திரையை மென்பொருள் செக்கனோடு காட்டும். ஒரு சங்கத் தலைவி காலை 9.14 க்கு மின்னஞ்சலைத் திறந்து அதே 9.14 க்குள் உறுதிப்படுத்துவது அவ்வளவு இயல்பாகத் தோன்றவில்லை.

மண்முனைப் பாலத்தைத் தாண்டி நேரிலேயே போனேன். முற்றத்தில் கையால் அடிக்கும் அச்சு ஒன்று, பக்கத்தில் ஈரச் சாக்குப் போர்த்திய கற்கள் ஐந்து வரிசை, சீமெந்துப் பை கிழித்த தாளில் பென்சிலால் எழுதிய கணக்கு. தலைவி அந்தத் தாளைத்தான் எனக்குக் காட்டினார். “எங்கட பேருல மூணு லெச்சமா? நாங்க குடுத்தது ஆயிரத்தி இருநூறு கல்லுத்தான் புள்ள, அதுக்கும் பாதிக் காசு இன்னும் வரல்ல” என்றார். உறுதிப்படுத்திய முகவரி, ஒப்பந்தகாரரின் கடைக்குப் பக்கத்தில் இருந்த தொலைத்தொடர்பு நிலையத்துடையது. அதை அந்தப் படிவத்தில் எழுதியவர்கள் நாங்கள்தான்.

அந்த ஒப்பந்தகாரரின் அடுத்த கட்டணச் சீட்டை நிறுத்தி வைத்து, நிலுவையைத் தீர்த்த பின்னரே விடுவித்தோம். மென்பொருள் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருப்போமா என்று கேட்டால், மாட்டோம். முன்பு ஒப்பந்தகாரர் கொண்டு வரும் பற்றுச்சீட்டின் அடியில் ஒரு கையொப்பமும் இறப்பர் முத்திரையும் இருந்தால் அதோடு சரி. பெயரை இரவல் கொடுப்பது எமது பகுதியில் புதிதல்ல; மனைவியின் பெயரில் பதிந்த ஹாட்வெயார் கடை, அக்காவின் பெயரில் ஓடும் டிப்பர் என்று எல்லோருக்கும் தெரிந்த உதாரணங்கள் இருக்கின்றன. மென்பொருளில் இதற்கு ஒரு நல்ல தடுப்பும் உண்டு. பொருளைத் தானே உற்பத்தி செய்பவருக்குக் கொடுத்த தொகை முழுவதும் இலக்கில் சேரும். கையிருப்பு வைத்து விற்கும் கடையென்றால் 60 சதவீதம். வெறும் தரகரென்றால் அவருடைய கமிஷன் மாத்திரம். இதுவும் அமெரிக்க விதியில் இருந்து வந்ததுதான். கடையின் பெயரில் 10 இலட்சத்துச் சீமெந்தை வாங்கி இலக்கை ஒரே நாளில் முடித்துவிடும் வழி இதனால் ஒடுங்கியது. நாங்கள் கல் அரியும் குழுக்களை 100 சதவீதத்தில் வைத்தோம், அதன் பின் ஒப்பந்தகாரர்கள் தாமாகவே அவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார்கள்.

இன்னொரு விடயம். 2025 ஒக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம், இனத்தையும் பாலையும் வைத்து ஒருவரைப் பின்தங்கியவர் என்று முன்கூட்டியே கருதும் ஏற்பாட்டைத் தன் விதிகளிலிருந்து நீக்கியது. அந்நாட்டு விதிகளை வைத்துக் கட்டிய வார்ப்புருக்களும் சேர்ந்து மாறக்கூடியவை. பெண்கள் நடத்தும் தொழில் என்ற பிரிவை நாங்கள் எமது சொந்தப் பிரிவாகத் தனியே உருவாக்கி வைத்திருந்தோம். தயாராய் வந்த பிரிவையே நம்பியிருப்பவர்கள் அடுத்த புதுப்பிப்புக்கு முன் அதைச் சரிபார்ப்பது நல்லது.

கட்டணம் டொலரில். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, டொலரில் வருடச் சந்தா கட்டுவதென்றால் வயிற்றைக் கலக்கும். நிதி தருபவர் கட்டும் வரை பாரம் தெரியாது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஒப்பந்தங்கள் செய்யும் எம்மைப் போன்ற நிறுவனம் தன் சொந்தக் காசில் முழுத் தொகுதியையும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவுப் பங்கால் பெருக்கும் கணிப்பை எக்செல்லில் ஒருநாள் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். பதிவேட்டையும் அங்கேயே, தமிழிலேயே, மழைக்கால நிரலோடு வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைக் கையாளும் பெரிய அமைப்பென்றால் கணக்கு வேறு.

கொடுப்பனவுப் பகுதியை மட்டும் தனியாக, குறுஞ்செய்தி மூலம் தமிழில் உறுதிப்படுத்தும் வசதியோடு தருவீர்களா என்று விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். தனியாக விற்பதில்லை என்று முதலில் பதில் வந்தது. குறுஞ்செய்தியைப் பற்றிப் பேசிப் பார்க்கிறோம் என்று இரண்டாவது பதில் வந்தது. உரிமம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இதற்கிடையில் ஒவ்வொரு மாதமும் முதற் கிழமையில் எமது கள உத்தியோகத்தர் சங்கங்களுக்குத் தொலைபேசியில் பேசி, கிடைத்த தொகையைக் கேட்டு எழுதுகிறார். மண்முனைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தலைவி இப்போது அவருடைய அழைப்புக்குக் காத்திருப்பதில்லை; காசு கைக்கு வந்த அன்றே சீமெந்துப் பைத் தாளைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்.